சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகள் யார் பொறுப்பில்?

கேள்வி: நானும் கணவரும் தாராபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். என் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் பவர் டேபிள் டெய்லர். பத்து வயதில் பெண், நான்கு வயதில் பையன். லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். அவர் குடிப்பார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு இரவு வரை நிதானத்தில் இருக்க மாட்டார். போன மாதம் ஒரு சனிக்கிழமை தங்கைக்கு ஒன்றரை ஷிப்டு. இரவு எட்டு மணி இருக்கும், எனக்குப் போன். “பெரியம்மா, தம்பியக் காணோம், அப்பா எந்திரிக்க மாட்டேங்குறாரு” என்று பெரியவள் அழுகிறாள். பையன் கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோடு வரை போயிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துத் தூக்கி வந்திருக்கிறார். தங்கை கணவர் பிள்ளைகளை அடித்ததில்லை. தங்கையை இரண்டு முறை அடித்திருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தங்கை என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். அண்ணனுக்குத் தெரிந்தால் அடிதடியாகிவிடும், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் பிள்ளைகளை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். என் கணவரோ அது அவர்கள் குடும்ப விஷயம் என்கிறார். பிள்ளைகளை நானே கூட்டி வந்துவிடலாமா? சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசலாமா? சத்தியத்தை மீறலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பிள்ளை உங்களுக்குப் போன் செய்த இடத்திலேயே மனம் நிற்கிறது. பத்து வயதுப் பெண், தம்பியைக் காணவில்லை, அப்பா எழுந்திருக்கவில்லை, அம்மா கம்பெனியில். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது உங்கள் முகம். உங்கள் கணவர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்: நாமாகப் போய்த் தலையிடவில்லை, பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள்.

பெரிய விஷயங்களுக்குப் போவதற்கு முன் வரப்போகும் சனிக்கிழமையைப் பார்த்துவிடுவோம். சம்பளம் கைக்கு வரும் நேரத்திலிருந்து ஞாயிறு இரவு வரை அந்த வீட்டில் நிதானமாக ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அல்லது பிள்ளைகள் வேறு இடத்தில் இருக்க வேண்டும். நடுவழி எதுவும் இல்லை. நான்கு வயதுப் பையனைப் பத்து வயது அக்காவின் பொறுப்பில் விடுவதைப் பாதுகாப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வாரம் தங்கை ஒன்றரை ஷிப்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாவிட்டால் சனிக்கிழமை மதியமே நீங்கள் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, திங்கள் காலை பள்ளிக்குக் கொண்டுபோய் விட முடியுமா? அதுவும் முடியாவிட்டால், பையனைத் தூக்கி வந்த அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடம் தங்கையே போய்க் கேட்கட்டும். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அங்கே மறைக்க என்ன இருக்கிறது. கதவுக்குக் குழந்தை கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் வெளியில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களால் வெளியே வர முடியாது.

சரி, சத்தியத்துக்கு வருவோம். தங்கைக்குத் தெரியாமல் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவள் உங்களை இனி நம்ப மாட்டாள். அடுத்த முறை போன் செய்யாதே என்று பிள்ளையிடமும் சொல்லிவிடுவாள். அதனால் முதலில் அவளிடமே போங்கள். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். “நீ சொன்னதை நான் காப்பாற்ற நினைக்கிறேன், ஆனால் பையன் ரோட்டுக்குப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது, நீயே சொல்” என்று கேளுங்கள். முடிவை அவள் கையில் கொடுத்துக் கேட்டால் அவளே இரண்டு பேரின் பெயரைச் சொல்வாள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. அவளுக்கும் துணை வேண்டும். அவள் பயம் வேறு. ‘புருஷனை அடக்கத் தெரியாதவள்’ என்ற பேச்சுக்குத்தான் பயப்படுகிறாள்.

அவள் ஒரேயடியாக மறுத்து, அடுத்த சனிக்கிழமையும் பிள்ளைகள் தனியாக இருந்தால், சத்தியம் உங்களைத் தடுக்க வேண்டியதில்லை. அதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “இன்னொரு முறை நடந்தால் நான் போன் செய்வேன், செய்த பிறகு உன்னிடம் மறைக்கவும் மாட்டேன்” என்று நேராகச் சொன்ன அக்காவைத் தங்கை கோபித்துக்கொள்வாள். ஆனால் ஏமாற்றிவிட்டதாக நினைக்க மாட்டாள்.

1098 பற்றிய பயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். இந்தப் பயத்தினாலேயே பல வீடுகளில் உதவி வாசல் வரை வந்தும் உள்ளே வராமல் போயிருக்கிறது. 1098-க்கு யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. பேசியதும் வண்டி எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அள்ளிப்போக வருவதில்லை. விவரம் கேட்பார்கள், ஆள் அனுப்பி நிலைமையைப் பார்ப்பார்கள். பிள்ளையை உடனே வீட்டிலிருந்து எடுக்க வேண்டிய அளவுக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட குழு அது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அந்தக் குழுவுக்குச் சொல்லியிருப்பது, குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றுதான். பெற்றோரிடம் விட முடியாத நிலையில் சொந்தத்தில் தகுதியான ஒருவரிடம் ஒப்படைக்கவும் குழுவால் முடியும். ‘பெரியம்மா இருக்கிறார், அவர் தயாராக இருக்கிறார்’ என்பது அந்த மேஜையில் மிகப் பெரிய விஷயம். பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்விடக் கூடாது என்று தங்கை நினைத்தால், அவள் செய்யக்கூடிய நல்ல காரியம் சொந்தத்தில் இரண்டு பேரை இப்போதே தயாராக வைத்திருப்பதுதான்.

இனி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசலாமா என்ற கேள்வி. பேசலாம், பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வேலைக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு குடும்பம். பெண் வீட்டார் பன்னிரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து வந்தார்கள். அந்த மனிதரை நடுவில் உட்கார வைத்து ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். மச்சினன் சட்டையைப் பிடித்தார். அவர் எல்லாருக்கும் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். சாப்பாடு போட்டார்கள், வேன் கிளம்பிப் போனது. அந்த வாரமே மறுபடி குடித்தார். அதன்பின் அம்மாச்சி வீட்டிலிருந்து யாரும் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே திறந்த கதவையும் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து சாத்தினோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன், தடுக்கத் தெரியவில்லை.

அன்று நாங்கள் வைத்தது பஞ்சாயத்து. பஞ்சாயத்தில் யார் மேல் தப்பு என்று பேசுவார்கள். உங்களுக்குத் தேவை, சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகள் யார் பொறுப்பில் என்று பேசும் கூட்டம். இரண்டுக்கும் ஆட்கள் ஒன்றுதான், பேச்சுதான் வேறு.

இந்த மாதிரிக் கூட்டத்துக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்த நாடு நியூசிலாந்து. அங்கே மாவோரி மக்களின் பிள்ளைகளை அரசு அதிகாரிகள் வீட்டிலிருந்து எடுத்து, முன்பின் தெரியாத இடங்களில் வளர்க்கக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி, அத்தை மாமன் என்று இத்தனை பேர் இருக்கும்போது எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுப்பீர்கள் என்று அந்த மக்கள் தொடர்ந்து கேட்டார்கள். 1989-இல் சட்டம் மாறியது. ஒரு பிள்ளையின் பாதுகாப்பில் சிக்கல் என்றால் இரண்டு பக்கச் சொந்தத்தையும் அழைக்க வேண்டும். அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவார்கள். உள்ளே குடும்பம் மட்டும் உட்கார்ந்து பேசித் திட்டம் போடும். அந்தத் திட்டத்தில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பிறகு பார்ப்பார்கள். பிற்பாடு பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன. படித்தபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும், சடங்குக்கு அத்தை வேண்டும் என்று ஆள் வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு ஆபத்து என்று வரும்போது மட்டும் நான்கு சுவருக்குள் இரண்டு பேர் தலையில் மொத்தத்தையும் விட்டுவிடுகிறோம்.

உங்கள் கூட்டத்துக்கு ஆறேழு பேர் போதும். தங்கை கணவருடைய அம்மாவைக் கட்டாயம் கூப்பிடுங்கள், அவருக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களையும். பெண் வீட்டார் மட்டும் கூடினால் அவருக்கு அது நீதிமன்றமாகத் தெரியும். தன் அம்மா பக்கத்தில் இருந்தால், சொல்வதைக் கேட்கக் கொஞ்சமாவது இடம் இருக்கும். அப்பத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் மேல் உங்கள் அளவுக்குப் பாசம் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பல நேரம் மகன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. வருபவர்களில் யார் பேச்சை அவர் மதிக்கிறாரோ, அவரே கூட்டத்தை நடத்தட்டும். சித்தப்பாவோ, கம்பெனி ஃபோர்மேனோ, யாராக இருந்தாலும் சரி. நீங்கள் நடத்தாதீர்கள், உங்களுக்கு இதில் மனம் அதிகம் பட்டிருக்கிறது. நேரம் புதன் அல்லது வியாழன் காலை, அவர் நிதானமாக இருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம்.

உங்கள் அண்ணனை என்ன செய்வது? அவரை ஒதுக்கினால் நாளைக்கு வேறு வழியில் தெரிந்து இன்னும் கோபமாக வருவார். முன்னதாக நீங்கள் தனியாகப் பேசி, கையை ஓங்க மாட்டேன், பழையதைக் கிளற மாட்டேன் என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு வேலையையும் கொடுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் திருப்பூர் போய்ப் பிள்ளைகளோடு இருக்கட்டும். கோபக்காரர்களுக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்தால் கோபம் பாதி இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உறுதி தர மறுத்தால் அந்தக் கூட்டத்துக்கு அவர் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தங்கையை அவள் கணவர் கை நீட்டி அடித்திருக்கிறார். அதனால் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு அன்று இரவு அவளுக்கு என்ன ஆகும் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். ‘ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிட்ட’ என்று அடி விழ வாய்ப்புண்டா? அவளைத் தனியாகக் கேளுங்கள். உண்டு என்று அவள் சொன்னால் கூட்டத்தை விட்டுவிடுங்கள். பெண்கள் உதவி எண் 181-இல் பேசி, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். வீட்டை விட்டுப் போ என்று அவளை யாரும் துரத்த முடியாது, அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்குச் சட்டப்படி இருக்கிறது. இல்லை, பயமில்லை என்று சொன்னாலும் அன்று இரவு அப்பத்தாவை அங்கேயே தங்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேச்சைப் பையன் ரோட்டுக்குப் போன அந்த இரவிலிருந்து தொடங்குங்கள். பழைய கதை எதுவும் வேண்டாம். என்ன நடந்தது, எந்த நேரத்தில் நடந்தது, இனி அந்த நேரத்தில் யார் இருப்பது. ‘எல்லாரும் பார்த்துக்குவோம்’ என்பதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் என்றால் யாரும் இல்லை என்று ஆகிவிடும். முதல் சனிக்கிழமை பெரியம்மா, இரண்டாவது மாமா, மூன்றாவது அப்பத்தா என்று ஒரு தாளில் பேரோடு எழுதுங்கள். யாராவது வர முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சம்பளத்தில் வீட்டு வாடகையும் பால் காசும் சனிக்கிழமையே தங்கை கைக்கு வர என்ன வழி என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வாயால் ஒத்துக்கொண்டதை விட, அவரே சொன்ன வழியாக இருந்தால் கொஞ்ச நாளாவது நிற்கும். ஆறு வாரம் கழித்து மறுபடி உட்கார ஒரு தேதி குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

குடியை விடச் சொல்லி அந்தக் கூட்டத்தில் சத்தியம் வாங்காதீர்கள். இது எனக்கு மிக முக்கியம். பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, மருத்துவர் பார்வையில் நிறுத்த வேண்டும். அதே போல, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்துவிடலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து அது. அவர் திருந்தும் வரை பிள்ளைகள் பாதுகாப்பைத் தள்ளிப்போடவும் முடியாது. சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், சனிக்கிழமைத் தாள் ஒரு பக்கம் இருக்கட்டும்.

பெரியவளிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அவள் போன் செய்தது இருக்கிறது, அவள் என்ன நினைக்கிறாள் என்பது இல்லை. கூட்டத்தில் பெரியவர்களுக்கு நடுவே நிறுத்தி ‘நீ யார்கூட இருக்கப்போற’ என்று கேட்டுவிடாதீர்கள், அது கொடுமை. அதற்கு முன்னால் ஒரு நாள் தலை பின்னிவிடும்போதோ கடைக்குக் கூட்டிப் போகும்போதோ மெதுவாகக் கேளுங்கள். எப்போது பயமாக இருக்கும், யார் வந்தால் பயம் போகும் என்று. நான் பார்த்த பிள்ளைகளில் பலர் வீட்டை விட்டு வர மறுப்பார்கள். அப்பாவை விட்டு வர மனமில்லை என்று நாம் நினைப்போம். நிஜக் காரணம், ‘நான் இல்லாட்டி அம்மாவ யாரு பாத்துக்குவா’ என்பதாக இருக்கும். அந்தப் பாரத்தை இறக்கி வைப்பது பெரியவர்கள் வேலை. அவளை உளவு சொல்பவளாகவும் ஆக்காதீர்கள். “அப்பா இன்னைக்குக் குடிச்சாரா” என்று தினமும் போனில் கேட்க வேண்டாம். “எப்ப வேணும்னாலும் கூப்பிடு, நான் கோபிச்சுக்க மாட்டேன்” என்பது போதும்.

பிள்ளைகளைக் கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டீர்கள். சனி ஞாயிறு என்றால் தயங்காமல். நிரந்தரமாக என்றால், தாய் சம்மதம் இல்லாமல் கூடாது. அவள் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றும் தாய். தகப்பனும் ‘என் பிள்ளையைக் கடத்திட்டாங்க’ என்று போலீசுக்குப் போனால் சிக்கல் உங்களுக்கு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொல்லி, குழு வழியாகச் செய்யுங்கள். டி.சி. கைக்கு வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. ஆனால் ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 என்பதால் அந்தப் பணத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு முன் உங்கள் கணவரிடமும் உங்கள் பிள்ளைகளிடமும் மனம் விட்டுப் பேசுங்கள். முழு மனதில்லாத வீட்டுக்கு வரும் பிள்ளை இரண்டு மாதத்தில் பாத்திரம் கழுவும் பிள்ளையாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சொந்தம் என்பதாலேயே ஒரு வீடு பாதுகாப்பாகிவிடாது. அண்ணன் வீடோ, அத்தை வீடோ, பிள்ளைகள் தங்கப்போகும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பெரியவள் எங்கே படுப்பாள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

சொந்தம் உட்கார்ந்து பேசவே கூடாத விஷயமும் ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மாட்டேன். பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தார்கள் என்று தெரிந்தால், அது அப்பாவோ மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கும் விஷயமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குடும்ப மானத்தைச் சொல்லி அமுக்கிவிடுவார்கள் என்பதால்தான் அங்கே சொந்தத்தின் கையில் முடிவைக் கொடுக்கவில்லை. அதே போல அவர் பிள்ளைகளை அடிக்கத் தொடங்கினாலும், கத்தி அரிவாள் என்று மிரட்டினாலும், கூட்டம் எப்போது என்று காத்திருக்க வேண்டாம். அவசர உதவி எண் 112, இல்லாவிட்டால் 1098.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. உங்கள் நம்பர், அந்தப் பக்கத்து வீட்டு அக்கா நம்பர், 1098, மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதித் தங்கையிடம் கொடுத்து, பெரியவள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அன்று அவள் எந்தப் போனிலிருந்து பேசினாள் என்றும் கேளுங்கள். அப்பாவின் போன் என்றால், அடுத்த முறை அது வீட்டில் இல்லாமல் போகலாம். பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் என்ன முடிவானது என்று எனக்கு எழுதுங்கள், அந்தத் தாளில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.